சந்தேகத்துக்கு எந்த முகம்? அரிசோனா குடிவரவுச் சட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2007 செப்டம்பர் 26. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே கேவ் கிரீக் என்ற சிற்றூர். அன்றாடக் கூலி வேலை தேடுவோர் காலையில் கூடி நிற்பதற்கு அங்கே ஒரு தேவாலயம் தன் வாகன நிறுத்துமிடத்தைத் திறந்துவிட்டிருந்தது. அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஒரு வண்டியை மரிகோபா கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஷெரிஃபின், அதாவது மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவரின், காவலர்கள் மறித்தார்கள். வேகமாக ஓட்டியதுதான் சொல்லப்பட்ட காரணம். ஓட்டியவர் வெள்ளையர். அவரை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். வேகத்துக்குச் சிறிதும் பொறுப்பில்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்த லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பயணிகளை மட்டும் பிடித்துவைத்தார்கள்.

அவர்களில் ஒருவர் மெக்சிகோ நாட்டவர். செல்லுபடியாகும் விசாவும், நாட்டுக்குள் நுழைந்தபோது முத்திரையிட்டுத் தரப்பட்ட அனுமதிச் சீட்டும் வைத்திருந்தார். எடுத்துக் காட்டியும் பயனில்லை. கைவிலங்கிட்டு அழைத்துச் சென்றார்கள். பல மணி நேரம் கழித்து மத்திய குடிவரவு அதிகாரி ஒருவர் அந்தத் தாள்களைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று விடுவித்தார். பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும் ஆவணங்கள் அவை.

அந்த ஆண்டு டிசம்பரில் அவர் தொடுத்த வழக்கு, பின்னர் மரிகோபா கவுன்டி லத்தீனோ மக்கள் அனைவரின் சார்பான வழக்காக விரிந்தது. தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் அதன் கீழான நீதிமன்றக் கண்காணிப்பு முடியவில்லை. ஆனால் அரிசோனா என்றதும் உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த வழக்கை அன்று. 2010-இல் வந்த எஸ்.பி.1070 (செனட் மசோதா 1070) என்ற குடிவரவுச் சட்டத்தையும் அதன் மீதான உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும்தான். இனம் பார்த்துச் சந்தேகிக்கிறார்களா என்பது அந்தத் தீர்ப்பு அலசாமல் விட்ட கேள்வி; அதற்கு விடை இந்த வழக்கின் ஏடுகளில் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் வந்த விதம்

அரிசோனாவின் கவலை கற்பனை என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டுகளில் தென்மேற்கு எல்லையில் பிடிபட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அம்மாநிலத்தின் டூசான் எல்லைப் பகுதியில்தான் பிடிபட்டார்கள். 2010 மார்ச் இறுதியில் எல்லையோரப் பண்ணையாளர் ஒருவர் தன் நிலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது மக்களின் கோபம் உச்சத்துக்குப் போனது. வாஷிங்டன் எதுவும் செய்யவில்லை, நாமே செய்வோம் என்ற குரல் ஓங்கியது. மாநில செனட் உறுப்பினர் ரஸ்ஸல் பியர்ஸ் முன்வைத்த மசோதாவை எழுதுவதில் கேன்சஸைச் சேர்ந்த வழக்கறிஞர் கிரிஸ் கோபாக் உதவினார். ஏப்ரல் 23 அன்று ஆளுநர் ஜான் புரூவர் கையெழுத்திட்டார்.

சட்டத்தின் உயிர்நாடி 2(பி) என்ற பிரிவு. காவலர் ஒருவர் வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்தும்போது, அவர் சட்டவிரோதமாக நாட்டில் இருக்கிறார் என்ற 'நியாயமான சந்தேகம்' எழுந்தால், அவருடைய குடிவரவு நிலையை இயன்றவரை சரிபார்த்தே ஆக வேண்டும். 'பார்க்கலாம்' என்று சட்டம் சொல்லவில்லை. அத்துடன் நிற்கவும் இல்லை. ஏதேனும் ஒரு காவல்துறை இதைத் தளர்வாகச் செயல்படுத்தினால் அம்மாநிலத்தில் சட்டப்படி வசிக்கும் எவரும் அத்துறை மீதே வழக்குப் போடலாம். தோற்றால் நாளொன்றுக்கு 500 முதல் 5,000 டாலர் வரை அபராதம். இந்த ஏற்பாட்டின் விளைவைச் சற்று யோசித்துப் பாருங்கள். சந்தேகப்படாமல் விட்டால் அபராதம். தவறாகச் சந்தேகப்பட்டால் இந்தச் சட்டத்தில் எந்தத் தண்டனையும் இல்லை. தராசின் எந்தத் தட்டு தாழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைக் காவலர்களே ஒரு குரலில் ஏற்கவில்லை. ஃபீனிக்ஸ் காவலர் சங்கம் ஆதரித்தது. நகரக் காவல்துறைத் தலைவர் ஜாக் ஹாரிஸ் எதிர்த்தார். டூசான் நகரம் இருக்கும் பிமா கவுன்டியின் ஷெரிஃப் கிளாரன்ஸ் டுப்னிக், இது இனவாதச் சட்டம் என்று வெளிப்படையாகவே சொன்னார். குற்றத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்களும், குற்றத்துக்குப் பலியானவர்களும் காவலரைக் கண்டாலே ஒதுங்கிப் போவார்கள் என்பது தொழில் தெரிந்தவர்களின் அச்சம்.

கையெழுத்திட்ட நாளில் செய்தியாளர் ஒருவர் ஆளுநரிடம் கேட்டார்: சட்டவிரோதக் குடியேறி எப்படி இருப்பார்? தனக்குத் தெரியாது என்றார் புரூவர். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அரிசோனாவில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அந்தப் பதில் நேர்மையானது என்றே கருதுகிறேன். ஆளுநருக்கே தெரியாததைச் சாலையோரத்தில், வெயிலில், இரண்டு நிமிடத்தில் ஒரு காவலர் கண்டுகொள்ள வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டதுதான் சிக்கல்.

ஒரு வாரத்தில் எதிர்ப்பு பெருகவே, சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. இனத்தை 'மட்டும்' வைத்துச் சந்தேகிக்கக் கூடாது என்றிருந்த வாசகத்தில் 'மட்டும்' என்ற சொல் நீக்கப்பட்டது. இனம், நிறம், பூர்விக நாடு எதையும் கருதக் கூடாது. ஆனால் அரசமைப்புச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் கருதலாம் என்று மாற்றினார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசமைப்பு எந்த அளவுக்கு அனுமதிக்கிறது? 1975-இல் பிரிக்னோனி-பொன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மெக்சிகோ நாட்டவர் போன்ற தோற்றம் மட்டுமே ஒரு வாகனத்தை நிறுத்தப் போதுமான காரணம் ஆகாது, ஆனால் எல்லைப் பகுதியில் பிற காரணங்களோடு சேரும்போது அது பொருத்தமான ஒரு காரணியாக இருக்கலாம். ஆக, வாசல் வழியாக அனுப்பிய இனம் 1975-இன் சாளரம் வழியாகத் திரும்பி வரலாம் என்ற நிலை. அரிசோனாவும் அடங்கிய மேற்கு வட்டாரத்துக்கான ஒன்பதாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் இந்தச் சாளரத்தைப் பாதி அடைத்தது உண்மை: லத்தீனோ மக்கள் பெருவாரியாக வாழும் இடத்தில் லத்தீனோ தோற்றம் எதையும் நிரூபிக்காது என்றது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரிசோனாவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் லத்தீனோக்கள். பத்தில் மூவருக்குப் பொருந்தும் அடையாளம் என்ன அடையாளம்?

அதே ஆண்டு மாநிலக் காவலர் பயிற்சி வாரியம் ஒரு பயிற்சிக் காணொளி வெளியிட்டது. இனத்தைப் பார்க்காதீர்கள் என்று அது வலியுறுத்தியது; அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். எவற்றைப் பார்க்கலாம் என்ற பட்டியலும் அதில் இருந்தது: அடையாள அட்டை இல்லாமை, நெரிசலான வாகனம், உடை, ஆங்கிலத்தில் பேசத் திணறுவது. இந்த நான்கையும் ஓர் ஆளின் மேல் பொருத்திப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகும் லத்தீனோ உழைப்பாளியின் உருவம் தானாகவே எழுந்து வரும். இனம் என்ற சொல்லை உச்சரிக்காமலேயே இனத்தை வரைந்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சாண்ட்லர், 1997

இந்த அச்சம் வெறும் ஊகமாக இருந்ததில்லை. ஃபீனிக்ஸ் அருகிலுள்ள சாண்ட்லர் நகரம் தமிழர்கள் பலருக்குப் பழக்கமான பெயர். இன்டெல் நிறுவனத்தின் பெரிய சிப் ஆலைகள் அங்கே இருப்பதால், தமிழ்நாட்டிலிருந்து போன பொறியாளர்கள் வாழும் ஊர். அங்கே 1997 ஜூலை இறுதியில் ஐந்து நாள்கள் நகரக் காவல்துறையும் மத்திய எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஒரு வேட்டை நடத்தின. 432 பேர் பிடிபட்டார்கள். பிடிபடாமல் விசாரிக்கப்பட்டவர்களின் கதைதான் ஊரைக் கொதிக்க வைத்தது. அமெரிக்கக் குடிமக்களாகப் பிறந்து, அங்கேயே வளர்ந்த லத்தீனோக்களைக் கடை வாசலிலும் தெருவிலும் நிறுத்திக் குடியுரிமைச் சான்று கேட்டார்கள். மாநில அரசு வழக்கறிஞர் கிராண்ட் வுட்ஸ் விசாரித்து வெளியிட்ட அறிக்கை, தோலின் நிறத்தை வைத்தே மக்கள் நிறுத்தப்பட்டார்கள் என்று கண்டறிந்தது. நகர நிர்வாகம் 1999-இல் 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடியுரிமை இல்லாத 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். எச்1பி விசாவில் இருக்கும் நம்மவருக்கும் அது பொருந்தும். எஸ்.பி.1070-இன் மூன்றாம் பிரிவு அதை மாநிலக் குற்றமாகவும் ஆக்கியது. இரவு நேரத்தில் பால் வாங்கப் போகும்போது யாரும் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை.

உச்ச நீதிமன்றம் கேட்டதும் கேட்காததும்

சட்டம் 2010 ஜூலை 29 அன்று நடைமுறைக்கு வர வேண்டும். ஜூலை 6 அன்றே ஒபாமா அரசு வழக்குத் தொடுத்தது. ஃபீனிக்ஸ் மாவட்ட நீதிபதி சூசன் போல்டன், அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள் நான்கு முக்கியப் பிரிவுகளுக்குத் தடை விதித்தார். மேல்முறையீட்டில் தடை நிலைத்தது. 2012 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம்.

மத்திய அரசின் வழக்கறிஞர் டொனால்ட் வெரிலி எழுந்து பேசத் தொடங்கினார். முழுதாக ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்பே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் குறுக்கிட்டார்: உங்கள் வாதத்தின் எந்தப் பகுதியும் இனம் பார்த்துச் சந்தேகிப்பதைப் பற்றியது இல்லைதானே? இல்லை என்று வெரிலி ஒப்புக்கொண்டார்.

சட்ட நுணுக்கப்படி அது சரியான பதில். மத்திய அரசு தொடுத்த வழக்கின் அடிப்படையே அதிகாரப் பங்கீடு: குடிவரவு மத்திய அரசின் துறை, மாநிலம் அதில் தனிக்கொள்கை வகுக்க முடியாது. தடை விதிக்கப்பட்ட பிரிவுகள் இன்னும் ஒரு நாள்கூடச் செயல்படாததால், யார் மீது எப்படிப் பாய்ந்தது என்று காட்டச் சான்றும் இல்லை. இதை எல்லாம் அறிந்தும், அந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. தெருவில் திரண்ட லட்சக்கணக்கானவர்களின் பயம் நீதிமன்ற வாசலிலேயே கழற்றி வைக்கப்பட்டது.

ஜூன் 25 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி கென்னடி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மூன்று பிரிவுகளை ரத்து செய்தது: ஆவணம் வைத்திருக்காததை மாநிலக் குற்றமாக்கியது, அனுமதியின்றி வேலை தேடுவதைக் குற்றமாக்கியது, நாடுகடத்தப்படத்தக்கவர் என்று கருதுவோரைப் பிடியாணை இன்றிக் கைது செய்ய விட்டது. வெளியேற்றப்படத்தக்க ஒருவர் அமெரிக்காவில் தங்கியிருப்பது, பொது விதியாக, குற்றம் ஆகாது என்றும் கென்னடி எழுதினார். பலர் அறியாத உண்மை இது. அதன் விளைவு உரிமையியல் நடவடிக்கை.

ஆனால் 2(பி) தப்பியது, எதிர்ப்புக் குரலே இல்லாமல். வழக்கில் பங்கேற்காத ககனைத் தவிர எட்டு நீதிபதிகளும் அதைத் தொடக்கத்திலேயே தடுக்க முடியாது என்றார்கள். சாலையைத் தவறாகக் கடந்ததற்காக டூசானில் ஒருவர் நிறுத்தப்படுகிறார், கையில் அடையாள அட்டை இல்லை, நிலையைச் சரிபார்ப்பதற்காக மட்டும் அவரை நீட்டித்துப் பிடித்துவைத்தால் அது அரசமைப்புக் கேள்வியை எழுப்பும் என்று கென்னடி எச்சரித்தார். நடைமுறையில் தவறு நேர்ந்தால் பிறகு வாருங்கள் என்று கதவைத் திறந்தே வைத்தார். சான்று கொண்டுவரும் சுமை, நிறுத்தப்படுபவர்களின் தலையில் விழுந்தது.

பதிவேடுகள் பேசியபோது

அதே கோடையில், அதே ஃபீனிக்ஸ் நகரின் மத்திய நீதிமன்றத்தில், நீதிபதி முர்ரே ஸ்னோ முன் கேவ் கிரீக் வழக்கின் விசாரணை நடந்தது. எதிர்த்தரப்பில் ஷெரிஃப் ஜோ அர்பாயோ. 1993 முதல் பதவியில் இருந்தவர். கைதிகளைப் பாலைவன வெயிலில் கூடாரங்களில் அடைத்து, இளஞ்சிவப்பு உள்ளாடை அணியவைத்துப் பெயர் பெற்றவர். அவருடைய ஆளுகையில் 38 லட்சம் மக்கள்.

2007-இல் மத்திய அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பயிற்சி பெற்ற சுமார் 160 காவலர்களுக்குக் குடிவரவுச் சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் கிடைத்தது. லத்தீனோக்கள் வாழும் அல்லது கூலி வேலைக்குக் கூடும் பகுதிகளில் பெருந்திரள் ரோந்துகள் தொடங்கின. வழிமுறை எளிமையானது: எரியாத விளக்கு, விரிசல் விட்ட கண்ணாடி, கோட்டைத் தொட்ட சக்கரம் என்று ஏதாவதொரு போக்குவரத்துக் குற்றம் சொல்லி நிறுத்துவது. எந்த வாகனத்தையும் சற்றுநேரம் பின்தொடர்ந்தால் நிறுத்த ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று காவலர்களே சாட்சியம் அளித்தார்கள். உண்மையான நோக்கம் வேறாக இருந்தாலும், போக்குவரத்துக் குற்றம் நடந்திருந்தால் நிறுத்தியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லியிருந்ததால், ஒவ்வொரு நிறுத்தமும் தனித்தனியே பார்க்கும்போது குற்றமற்றதாகத் தெரியும். மொத்தமாக அடுக்கினால்தான் உருவம் தெரியும்.

அடுக்குவதற்கும் தடை இருந்தது. நிறுத்தப்பட்டவர்களின் இனத்தைக் காவலர்கள் பதிவு செய்யவே இல்லை. ரோந்து தொடர்பான தாள்களும் மின்னஞ்சல்களும் அழிக்கப்பட்டிருந்தன. அதற்காக நீதிமன்றம் ஷெரிஃப் தரப்புக்கு எதிராக உத்தரவிட்டது. மனுதாரர் தரப்பின் புள்ளியியல் வல்லுநர் வேறு வழி தேடினார். கணினியில் சரிபார்க்கப்பட்ட பெயர்களை எடுத்து, அவற்றில் ஸ்பானியக் குடும்பப் பெயர்கள் எத்தனை என்று கணக்கிட்டார். ரோந்து நாள்களில் அப்பெயர்கள் அதிகமாகச் சரிபார்க்கப்பட்டதும், அப்பெயருடையவர்களின் வாகனங்கள் கூடுதல் நேரம் நிறுத்திவைக்கப்பட்டதும் வெளிவந்தன. நீதித்துறை அமைச்சகம் 2011 டிசம்பரில் தனியே நடத்தி முடித்த விசாரணையும் இதையே காட்டியது: ஒத்த சூழலில் வண்டி ஓட்டும் பிறரைவிட லத்தீனோ ஓட்டுநர்கள் நான்கு முதல் ஒன்பது மடங்கு வரை அதிகமாக நிறுத்தப்பட்டார்கள்.

ஷெரிஃபுக்கு வந்த கடிதங்களும் நீதிமன்றத்துக்கு வந்தன. உணவகத்தில் ஊழியர்கள் ஸ்பானியம் பேசுகிறார்கள், தெருமுனையில் கறுத்த தோலுடையவர்கள் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். குற்றம் எதுவும் அவற்றில் சொல்லப்படவில்லை. அவற்றை அர்பாயோ கீழ் அதிகாரிகளுக்கு அனுப்பினார், ரோந்துகள் தொடர்ந்தன. இந்த ஆவணங்களில் என்னை மிகவும் உலுக்குவது இவைதான். சந்தேகம் காவலரிடம் பிறக்கவில்லை. அண்டை வீட்டாரிடம் பிறந்து, அஞ்சலில் வந்து, சீருடை அணிந்துகொண்டது.

2013 மே 24 அன்று 142 பக்கத் தீர்ப்பு வெளிவந்தது. லத்தீனோ என்பதைச் சந்தேகத்துக்கான காரணிகளில் ஒன்றாக ஷெரிஃப் அலுவலகம் பயன்படுத்தியது, அது நியாயமற்ற சோதனையையும் பிடித்துவைப்பையும் தடுக்கும் நான்காம் அரசமைப்புத் திருத்தத்தையும், சமப் பாதுகாப்பு தரும் பதினான்காம் திருத்தத்தையும் மீறியது என்று ஸ்னோ முடிவு சொன்னார்.

பின்தொடர்ந்தவை

அரிசோனாவைப் பார்த்து 2011-இல் ஜார்ஜியா, இண்டியானா, யூட்டா, தென் கரோலினா, அலபாமா மாநிலங்கள் இதே பாணியில் சட்டம் இயற்றின. அலபாமா பள்ளிக்கூடங்களையும் விடவில்லை. புதிதாகச் சேரும் குழந்தைகளின் குடிவரவு நிலையைக் கேட்கச் சொன்னது. மாவட்ட நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை அனுமதித்த சில நாள்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லத்தீனோ மாணவர்கள் ஒரே நாளில் பள்ளிக்கு வரவில்லை. அந்த நவம்பரில் டஸ்கலூசா நகரில், வாடகைக் காரில் வந்த ஜெர்மானியக் கார் நிறுவன உயரதிகாரி ஒருவர் உரிய ஆவணம் கையில் இல்லாததால் கைதானார். அது உலகச் செய்தியானது. உடன் பணியாற்றியவர் ஒருவர் ஆவணங்களைக் கொண்டுவந்து காட்டினார்.  2013-இல் அச்சட்டத்தின் பல பிரிவுகளைக் கைவிட அம்மாநிலம் உடன்பட்டது.

பியர்ஸை அவருடைய தொகுதி மக்களே 2011 நவம்பரில் திரும்பப் பெறும் தேர்தலில் வீழ்த்தினார்கள். எஸ்.பி.1070-இன் 2(பி) பிரிவு 2012 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. 2016 உடன்பாட்டின்படி, குடிவரவு நிலையைப் பார்ப்பதற்காக மட்டும் எந்த நிறுத்தத்தையும் நீட்டிக்கக் கூடாது என்று மாநில அரசு வழக்கறிஞர் காவல்துறைகளுக்கு விளக்கக் குறிப்பு வெளியிட்டார்.

அர்பாயோ 2011 டிசம்பரில் விதிக்கப்பட்ட தடையாணையைப் பதினேழு மாதங்கள் மதிக்காமல், சுமார் 170 பேரைக் குற்றம் எதுவுமின்றிப் பிடித்துவைத்தது பின்னர் நிரூபணமானது. 2016 தேர்தலில் தோற்றார். 2017 ஜூலையில் அவரைக் குற்றவியல் அவமதிப்பில் குற்றவாளி என்று அறிவித்தவர், ஏழு ஆண்டுகளுக்கு முன் எஸ்.பி.1070-ஐத் தடுத்த அதே சூசன் போல்டன். தண்டனை அறிவிக்கப்படும் முன்பே, ஆகஸ்ட் 25 அன்று, அதிபர் டிரம்ப் மன்னித்துவிட்டார். அர்பாயோவின் தலைமைத் துணை அதிகாரியாக இருந்து, 2016-இல் தாமும் உரிமையியல் அவமதிப்புக்கு உள்ளான ஜெரி ஷெரிடனை 2024 நவம்பரில் மரிகோபா வாக்காளர்கள் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே தேர்தலில், அனுமதியின்றி எல்லை கடப்பதை மாநிலக் குற்றமாக்கும் திட்டத்தையும் அரிசோனா வாக்காளர்கள் ஏற்றார்கள். ஆனால் 2023-இல் இதே போன்ற சட்டம் இயற்றி நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்ட டெக்சாஸின் கதி தெரியும்வரை அந்தப் பகுதி அமலுக்கு வராது என்பது அப்போதைய நிபந்தனை. 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் இனம், மொழி, இடம், வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து மத்திய அதிகாரிகள் யாரையும் நிறுத்தக் கூடாது என்றிருந்த உத்தரவை நிறுத்திவைத்தது. அதற்குத் தனியாகக் காரணம் எழுதிய நீதிபதி கவனா எடுத்துக்காட்டியது அதே 1975 தீர்ப்பை: இனத் தோற்றம் மட்டும் போதாது, ஆனால் அது பொருத்தமான ஒரு காரணியாக இருக்கலாம். நீதிபதி சோடோமேயர் கடுமையாக மறுத்து எழுதினார்.

மரிகோபாவில் ஸ்னோ நியமித்த கண்காணிப்பாளர் 2014-இல் வேலையைத் தொடங்கினார். காவலர்களின் உடலில் கேமரா வந்துவிட்டது. ஸ்னோவின் உத்தரவுப்படி, ஒவ்வொரு வாகன நிறுத்தத்துக்கும் காவலர் ஒரு மின்னணுப் படிவம் நிரப்ப வேண்டும்: எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், எவ்வளவு நேரம் பிடித்துவைத்தார், யாருடைய பெயரைச் சரிபார்த்தார். அதில் இன்னொரு விவரமும் கட்டாயம். வண்டியில் இருந்தவர் எந்த இனத்தவராகத் தம் கண்ணுக்குத் தோன்றினார் என்பதைக் காவலர் தாமே பதிவு செய்து தர வேண்டும்.